38 வயதில் ஹெட்கியர்: ஒரு செக்கிங்காரியின் ரிப்போர்ட்

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் 14 வருடமாகச் செக்கிங் பார்க்கிறேன். இப்போது அந்தப் பிரிவுக்கே நான்தான் பொறுப்பு. எந்தத் துணியைக் கையில் கொடுத்தாலும் முதலில் உள்பக்கம் திருப்பிப் பார்ப்பது பழகிப்போய்விட்டது. கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழந்தையின் கவுனைத் திருப்பித் தையல் பார்த்து, வீட்டுக்காரரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். போன ஆடி மாதம் பல் கிளினிக்கில் ஒரு ஜிப் கவரில் போட்டு ஹெட்கியரை (பல்லை இழுக்க வாயில் மாட்டி, தலையிலோ கழுத்திலோ பட்டையால் கட்டும் கம்பி) கொடுத்தபோதும் அதையேதான் செய்தேன். கம்பியைப் பார்க்கவில்லை, பட்டையைத் திருப்பினேன். ஃபோம் மேல் பாலியஸ்டர் ஒட்டிய துணி. விளிம்பை வெட்டி அப்படியே விட்டிருந்தார்கள். மடித்துத் தைத்த இடத்தில் நூல் முனை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. எங்கள் டேபிளுக்கு வந்திருந்தால் ஸ்டிக்கர் ஒட்டி ஆல்ட்ரேஷனுக்குத் திருப்பியிருப்பேன்.

பத்து மாதம் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன். கருவிக்கும் சொல்லவேண்டியது இருக்கிறது, அதைக் கொடுத்த விதத்துக்கும் சொல்லவேண்டியது இருக்கிறது.

எனக்கு மேல்வரிசை எத்துப்பல். வாய் மூடினாலும் உதடு முழுசாகச் சேராது. சின்ன வயதில் கம்பி போட வீட்டில் காசு இல்லை, அப்புறம் நேரம் இல்லை. மகளுக்கு 11 வயதாகி அவளுக்கும் என் பல்லே வந்து நின்றதும்தான் பல் சீரமைப்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு இன்னும் கொஞ்சம் பால் பல் விழவேண்டியிருக்கிறது, ஒரு வருடம் கழித்து வாருங்கள் என்று சொல்லிவிட்டு, "நீங்க ஏன் போட்டுக்கலை?" என்று என்னைக் கேட்டார். 38 வயதில் கம்பியா என்றேன். ஈறும் எலும்பும் நன்றாக இருந்தால் வயது ஒரு தடையே இல்லை என்றார். அப்படித்தான் மகளுக்குப் போன இடத்தில் நான் மாட்டினேன்.

மேலே இரண்டு பக்கமும் ஒவ்வொரு பல் பிடுங்கினார்கள். கோரைப்பல்லுக்கு அடுத்த பல். ஒரு பக்கத்துக்கு ஏழு மில்லிமீட்டர் போல இடைவெளி. அந்த இடைவெளிக்குள் முன்பல்லைப் பின்னால் இழுக்கவேண்டும். இழுப்பதற்குப் பிடிமானம் கடைவாய்ப்பல். இங்கேதான் சிக்கல். முன்பல்லை இழுக்கும்போது கடைவாய்ப்பல்லும் அதே வேகத்தில் முன்னால் நகர்ந்து வந்தால் இடைவெளி மூடிவிடும், எத்துப்பல் பாதிதான் உள்ளே போயிருக்கும். வீட்டில் இதை விளக்கியபோது எங்கள் அத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார்: "ஆட்டை இழுக்கப் போயி மொளக்குச்சி புடுங்கிட்டு வந்த கதை." டாக்டர் பேப்பரில் படம் போட்டு அரைமணி நேரம் சொன்னதும் அதுதான்.

இப்போதெல்லாம் இந்த முளைக்குச்சி வேலைக்கு எலும்புக்குள் சின்ன டைட்டானியம் ஸ்குரூ வைக்கிறார்கள். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, பல் வேருக்கு நடுவில் திருகிவிடுவார்கள். எனக்கும் வைத்தார்கள். வலது பக்கம் மூன்றாவது வாரம் ஆட ஆரம்பித்தது. இடது பக்கம் ஒரு மாதம் நின்று, ஈறு வீங்கி, அதுவும் தளர்ந்தது. சிலருக்கு இப்படி நிற்காமல் போவதுண்டாம். ஒரு ஸ்குரூவுக்கு 3,500 ரூபாய் கொடுத்திருந்தேன். இடம் மாற்றி இன்னொரு தடவை வைக்கலாம் என்றபோது எனக்கு மனம் வரவில்லை. அப்போது அங்கே மாதம் இரண்டு நாள் வருகிற பெரிய டாக்டர், ஓய்வு பெற்ற பேராசிரியர், "பழைய வழி ஒண்ணு இருக்கும்மா. ராத்திரி போட்டுக்கணும். போட்டா வேலை செய்யும், போடலைன்னா செய்யாது. அவ்வளவுதான்" என்றார்.

அவர் படித்த காலத்தில் இதுதான் பெரும்பாலும் வழியாம். தலையையும் கழுத்தையும் பிடிமானமாக வைத்துப் பல்லை இழுப்பது 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்திருக்கிறது. நடுவில் கொஞ்ச காலம் மறந்துபோய், 1940களில் அமெரிக்காவில் க்ளோன் என்ற டாக்டர் கழுத்துப் பட்டையோடு திரும்பப் பிரபலமாக்கினாராம். வளர்கிற குழந்தைக்குப் போட்டால் மேல்தாடை முன்னால் வளர்வதையே மட்டுப்படுத்தும். வளர்ந்து முடிந்த எனக்கு அந்த வேலையெல்லாம் செய்யாது. கடைவாய்ப்பல் முன்னே வராமல் பிடித்து வைக்கும், அது ஒன்றுதான் என் விஷயத்தில் அதற்கு வேலை. "உங்களுக்கு முகம் அகலம், முன்பல் கடி ஆழம், அதனால கழுத்துப் பட்டை போதும். நீள முகமா இருந்தா தலைக்கு மேல கட்டுவோம்" என்றார். தலைக்கு மேல் வராமல் போனதற்கு என் அகல முகத்துக்கு முதல் தடவையாக நன்றி சொன்னேன்.

சாமானைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு வில். உள்வில் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே தடிமன், பல் வரிசையின் வளைவிலேயே வளைத்தது. அதன் இரண்டு முனையும் கடைவாய்ப்பல்லில் ஒட்டியிருக்கும் வளையத்தின் குழாய்க்குள் போகும். வெளிவில் இன்னும் தடிமன். உதட்டுக்கு நடுவில் உள்வில்லோடு பற்றவைத்திருப்பார்கள். அங்கிருந்து கன்னத்தை ஒட்டி வெளியே போய் காதுக்குக் கொஞ்சம் முன்னால் கொக்கியாக முடியும். அந்தக் கொக்கியில்தான் கழுத்துப் பட்டை மாட்டுவது. பற்றவைத்த இடத்தை நகத்தால் தடவிப் பார்த்தேன். பிசிறு இல்லை, மேடு பள்ளம் இல்லை. கம்பி வேலை செய்தவன் கைக்காரன். அந்தப் பாகத்துக்குப் பாஸ் ஸ்டிக்கர்.

வளையம் போடுவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே பல் சந்தில் நீலக் கலர் ரப்பர் வளையம் செருகுவார்கள், இடம் உண்டாக்க. மொத்த சிகிச்சையிலும் எனக்கு எரிச்சல் தந்தது அந்த ஒரு வாரம்தான். கொய்யா விதை மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும், நாக்கு சும்மா இருக்காது.

பெரிய டாக்டர் ஸ்பிரிங் தராசு மாதிரி ஒரு சின்ன கேஜ் வைத்து இழுத்துப் பார்த்துத்தான் பட்டையில் எந்த ஓட்டை என்று சொன்னார். முதல் இரண்டு வாரம் பக்கத்துக்கு 200 கிராம், அப்புறம் 350. கிராம் கணக்கு சொன்னதும் எனக்கு மரியாதை வந்துவிட்டது. நாங்கள் துணியை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) பார்க்காமல் வாங்குவதில்லை. தினம் 12லிருந்து 14 மணி நேரம் போடவேண்டும். ஒரு அட்டை கொடுத்தார், எத்தனை மணிக்குப் போட்டேன், எத்தனை மணிக்குக் கழற்றினேன் என்று எழுதிவர.

இனி புகார். பெரிய டாக்டர் அளவு பார்த்துவிட்டு அடுத்த நோயாளிக்குப் போய்விட்டார். போடவும் கழற்றவும் சொல்லிக்கொடுத்தது அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண். ஐந்து நிமிடம். பட்டை வெறும் எலாஸ்டிக். வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் ராத்திரி புரண்டு படுத்ததில் ஒரு பக்கம் வில் குழாயை விட்டு வெளியே வந்து, விடியற்காலை நாலு மணிக்குக் கன்னத்தில் கீறலோடு எழுந்தேன். தலையணையில் எச்சில், ஒரு பொட்டு ரத்தம். காலையில் போன் செய்தால், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க, திரும்ப மாட்டிக்குங்க" என்று பதில்.

இந்தப் பதிலைச் செக்கிங் பார்க்கிறவளிடம் சொல்லக்கூடாது. குழந்தைகள் உடுப்பில் ஒரு பட்டன் தைத்தால் அதை மெஷினில் மாட்டி 90 நியூட்டன் விசையில் 10 வினாடி இழுத்துப் பார்த்துத்தான் அனுப்புகிறோம். 7 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு ஐரோப்பாவுக்குப் போகிற ஹூடியில் கழுத்துக் கயிறே வரக்கூடாது. ஒரு ஊசி உடைந்தால் அத்தனை துண்டும் கிடைக்கும்வரை அந்த லைன் நிற்கும். எங்கேயோ இருக்கிற முகம் தெரியாத குழந்தைக்கு இவ்வளவு பார்க்கிறோம். என் முகத்துக்கு நேராக இரண்டு கம்பி முனை, பின்னால் இழுத்துக் கட்டிய எலாஸ்டிக், கேட்டால் ஒன்றும் ஆகாதாம்!

அன்றைக்கே லீவு போட்டுவிட்டு நேரில் போனேன். பெரிய டாக்டர் இருந்த நாள், என் நல்ல நேரம். கீறலைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. யாராவது விளையாட்டாக வில்லைப் பிடித்து இழுத்துவிட்டால் அது எலாஸ்டிக் வேகத்தில் கவண் கல் மாதிரித் திரும்பி வரும். அப்படிக் கண் போனவர்கள் உண்டு, வாயில் இருந்த கம்பி என்பதால் கிருமியும் சேர்ந்து போகும் என்று அவரே சொன்னார். உடனே பட்டையை மாற்றிக் கொடுத்தார். புதியதில் இரண்டு பக்கமும் சின்ன பிளாஸ்டிக் டப்பி மாதிரி இருக்கும். அளவுக்கு மேல் இழுத்தால் தானாக விட்டுவிடும். நான் அங்கேயே நின்று பத்து தடவை இழுத்துப் பார்த்தேன், பத்து தடவையும் விட்டது. இரண்டு பட்டைக்கும் விலை வித்தியாசம் 400 ரூபாய். அந்த 400ஐ முதலிலேயே கேட்டிருந்தால் கொடுக்கமாட்டேன் என்றா சொல்லியிருப்பேன்? பிழைகளைத் தரம் பிரிக்கும் எங்கள் கணக்கில் இது மைனரும் இல்லை, மேஜரும் இல்லை. கிரிட்டிக்கல். ஒரே ஒரு பீஸ் கிரிட்டிக்கல் வந்தாலும் மொத்த லாட்டும் ஃபெயில். அந்தக் கிளினிக்கின் பேரை எழுதவில்லை, ஆனால் முதல் நாள் சேவைக்கு என் ரிப்போர்ட் அதுதான்.

யாராவது போடப் போகிறீர்கள் என்றால் வரிசை முக்கியம். போடும்போது முதலில் உள்வில், இரண்டு குழாயிலும் போனது நாக்கில் தெரிந்த பிறகுதான் பட்டை. கழற்றும்போது முதலில் பட்டை, இரண்டு பக்கமும். அப்புறம்தான் வில்லைத் தொடவேண்டும். பனியன் கழற்றுகிற மாதிரி மொத்தமாகத் தலைக்கு மேல் இழுக்கவே கூடாது. தூக்கத்தில் தானாகக் கழன்றால் அதை டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும்.

வலி முதல் நாலு ராத்திரி. குத்துகிற வலி இல்லை. ஒரு கனம், கடைவாய்ப்பல்லை யாரோ விரலால் தள்ளிக்கொண்டே இருக்கிற மாதிரி. காலையில் கழற்றியதும் அந்தப் பல்லால் முறுகல் தோசை கடிக்க முடியாது. ஒரு வாரம் சந்தகையும் தேங்காய்ப்பாலுமாக ஓடியது. அப்புறம் அரிசிம்பருப்பு சோற்றுக்கு வந்தேன். இரண்டாவது வாரம் மறந்தே போனது, கிராமைக் கூட்டியபோது மறுபடி இரண்டு நாள். வலி இவ்வளவுதான். வலிக்குப் பயந்து யாரும் விடவேண்டியதில்லை.

மணிக்கணக்குதான் கஷ்டம். மாட்டிக்கொண்டு சாப்பிட முடியாது. ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்கு முடித்து, பல் தேய்த்து, ஏழரைக்குப் போட்டால் காலை எட்டு வரை பன்னிரண்டரை மணி நேரம். கேட்க எளிது. ஷிப்மென்ட் வாரத்தில் நான் வீட்டுக்கு வருவதே பத்து மணிக்கு. ஒரு கடலை மிட்டாய்கூட ஏழரைக்கு மேல் கிடையாது. (எப்படியும் கடலை மிட்டாய் கூடாது. முறுக்கு, கரும்பு, தட்டுவடை எல்லாம் வளையத்தைப் பெயர்த்துவிடும். பொங்கலுக்குக் கரும்பை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன்.) அட்டையில் எட்டு மணி நேரம், ஒன்பது மணி நேரம் என்று எழுதிய நாட்கள் நிறைய. பொய் எழுதலாம்தான். ஆனால் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் பொய் எழுதுகிற பெண்களை நான் எப்படிப் பிடிப்பேன் என்று எனக்குத் தெரியுமே.

வீட்டில் முதல் வாரம் கண்காட்சி. "காங்கேயம் காளைக்குக்கூட இத்தன கட்டு கட்டுனதில்ல கண்ணு" என்றார் அத்தை. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கு அவராகவே கழுத்து வலி என்று சொல்லிவைத்துவிட்டார். விளைவு, எதிர்வீட்டு அக்கா ஒரு பாட்டில் தைலத்தோடு வந்து நின்றார். வாயில் கம்பி இருக்கும்போது கழுத்து வலி இல்லை என்று விளக்குவதைவிட தைலத்தை வாங்கிக்கொள்வது சுலபம். காலை ஏழு மணிக்கு வருகிற கீரைக்கார அம்மாவிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். அவர் குனிந்து நன்றாகப் பார்த்துவிட்டு, "எனக்கும் நாலு பல்லு ஆடுதுங்க அம்மிணி, இதப் போட்டா நிக்குமா?" என்று கேட்டார். அன்றைக்கு விட்டது கூச்சம். கம்பெனிக்குப் போட்டுக்கொண்டு போவதில்லை. ஆனால் விஷயம் தெரிந்த செக்கிங் பெண்கள், "அக்கா, பேக்கிங்ல ஊசி பிடிக்கிற மெஷின் பக்கம் போயிடாதீங்க, பெல்ட் நின்னுடும்" என்று சிரிப்பார்கள்.

பேச்சு கொஞ்சம் குழறும். 'ச', 'ஸ' வந்தால் எச்சில் தெறிக்கும். எங்களிடம் துணி வாங்கும் டென்மார்க் பையருக்கு மதியம் என்றால் நமக்குச் சாயங்காலம், அதனால் சில நாள் வீடியோ கால் ஏழரைக்கு மேல்தான் வரும். கேமராவை அணைத்துவிட்டுப் பேசுவேன். ஒரு நாள் அணைக்க மறந்துவிட்டேன். அந்தப் பக்கம் இருந்த தரக்கட்டுப்பாட்டு அம்மாள் ஒரு நொடி பார்த்தார், அப்புறம் 12 வயதில் தானும் போட்டதாகச் சொன்னார். அம்மாவுக்குத் தெரியாமல் கழற்றிப் போர்வைக்குள் ஒளித்துவைப்பாராம். அப்புறம் அளவு சார்ட்டுக்கு வந்துவிட்டோம். அந்த ஆர்டரில் அவர் பிழை பிடிக்காமல் விட்டது ஒன்றும் இல்லை.

திருப்பூர் வெயிலுக்கு அந்தப் பட்டை ஆகாது என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. கரண்ட் போன ஒரு ராத்திரியில் பிடரியில் பட்டை விளிம்பு போட்ட கோடு முழுக்க வேர்க்குரு. பாலியஸ்டர் வியர்வையை இழுக்காது, ஃபோம் சூட்டை விடாது. இது நமக்குத் தெரிந்த சங்கதி. சாம்பிள் செக்‌ஷனில் தைக்கிற அக்காவிடம் சொல்லி கட்டிங் வேஸ்டில் இருந்து 220 ஜிஎஸ்எம் காட்டன் இன்டர்லாக் (இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் பனியன் துணி) எடுத்து ஒரு உறை தைத்தோம். முதல் உறையில் ஓவர்லாக் தையல் உள்பக்கம் மேடாக வந்து உறுத்தியது. இரண்டாவதில் ஃப்ளாட்லாக் போட்டோம், தடவினால் தையல் இருப்பதே தெரியவில்லை. எட்டு உறை வைத்திருக்கிறேன். தினம் ஒன்று மாற்றுவேன்.

இதில் ஒரு வேடிக்கை. ஐந்தாவது மாதம் போனபோது பெரிய டாக்டர் பட்டையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். அவரும் திருப்பிப் பார்க்கிற ஆள்தான் போலிருக்கிறது. "புதுசாவே இருக்கே. உண்மையைச் சொல்லுங்க, போடறீங்களா?" போடாமலே அட்டையில் மணி எழுதிவருகிறவர்களைப் பட்டையின் அழுக்கை வைத்துத்தான் பிடிப்பார்களாம். அழுக்கு இல்லாத பட்டை என்றால் அலமாரியில் தூங்குகிற பட்டை. நான் கைப்பையிலிருந்து முந்தின ராத்திரி உறையை எடுத்து மேஜையில் வைத்தேன். மடிப்பில் பழுப்புக் கோடும் தேங்காயெண்ணெய் வாசமுமாக இருந்தது. அதை முகர்ந்தே பார்த்துவிட்டார் மனுஷன். அப்புறம் கடைவாய்ப்பல்லை விரலால் அசைத்துப் பார்த்தார், வில்லை அவரே மாட்டிப் பார்த்தார். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரிப் போனது. தினம் போடுகிறவர்களுக்குத்தான் அப்படிப் போகுமாம், விட்டுவிட்டுப் போட்டால் குழாயில் முட்டும். நம்பிவிட்டார்.

ஏழு மில்லிமீட்டர் இடைவெளி இப்போது ஒன்றரைக்கு வந்திருக்கிறது. பெரிய டாக்டர் பழைய பல் அச்சையும் புது அச்சையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முன்பல் நன்றாகப் பின்னால் போயிருக்கிறது, கடைவாய்ப்பல் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கிறது. உதடு தானாகச் சேர்கிறது. ஒருநாள் பஸ்ஸில் வாய் மூடித் தூங்கியிருக்கிறேன், பக்கத்தில் இருந்த வீட்டுக்காரர் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார். இன்னும் இரண்டு மாதம் ஹெட்கியர், அப்புறம் கம்பி மட்டும், கம்பி கழற்றியபின் பல் திரும்ப நகராமல் பிடித்துவைக்கும் ரிட்டெய்னர்.

கணக்கு கேட்பவர்களுக்கு: கம்பிக்கு மொத்தம் 55,000. வீணாய்ப்போன ஸ்குரூ 7,000. ஹெட்கியர் 2,500, மாற்றிய பட்டையோடு 2,900. வேலை செய்தது 2,900 ரூபாய்ச் சாமான்தான். ஆனால் ஸ்குரூ நிற்கிறவர்களுக்கு நான் ஹெட்கியரைச் சொல்லமாட்டேன். ஸ்குரூவைத் திருகிவிட்டால் அது பாட்டுக்கு 24 மணி நேரமும் பிடித்துக்கொண்டு நிற்கும், ராத்திரிச் சாப்பாட்டு நேரம் கேட்காது. ஸ்குரூ நிற்காதவர்கள், வைக்கப் பயப்படுகிறவர்கள், ஏழரைக்கு மேல் வாயைக் கட்ட முடிகிறவர்கள் இதை எடுக்கலாம். பாதுகாப்பு டப்பி இல்லாத பட்டையை நீட்டினால் வாங்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

உறைக்கு அளவு: என் பட்டை நாலு செ.மீ. அகலம், உறையை அஞ்சு செ.மீ. வருகிற மாதிரி வெட்டினோம், நீளம் டப்பிக்கு ரெண்டு செ.மீ. முன்னாலேயே நின்றுவிடவேண்டும், இல்லையென்றால் டப்பி விடுகிற நேரத்தில் துணி மாட்டிக்கொள்ளும். இன்டர்லாக் கிடைக்காவிட்டால் பழைய காட்டன் பனியனை இரண்டு மடிப்பாகப் போடலாம். தைப்பதற்கு முன்னால் ஒரு தடவை துவைத்துவிடுங்கள், சுருங்கும்.